இருபத்தொன்பதாவது கால்

புரோகிராம் சிப்புக்கு வெளியே இருந்த காலத்தில் நான் தொழில் பழகினேன். கண்டியில், திருகோணமலை வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தப் பழுதுபார்க்கும் கடை. டிவி, ரேடியோ, அம்ப்ளிஃபயர், தேயிலைத் தொழிற்சாலைத் தராசு என்று எது வந்தாலும் திறந்து பார்ப்போம். ஆனால் முதலாளியின் மனசு 8051 என்ற மைக்ரோகொன்ட்ரோலர் சிப்பில்தான் இருந்தது. அவர் அக்குறணையைச் சேர்ந்தவர். சவூதியில் சில வருஷம் வேலை செய்து திரும்பியவர். நான் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

8051ஐ இன்டெல் கம்பனி 1980இல் வெளியிட்டது. கட்டமைப்பை வரைந்தவர் ஜோன் வார்ட்டன். நாற்பது கால். உள்ளே புரோகிராமுக்கு 4 கிலோபைட் இடம். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சிப் செய்யும்போதே தொழிற்சாலையில் பதித்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களுக்குத்தான் அது கட்டுபடியாகும். எங்களைப் போன்றவர்களுக்கு 8031 இருந்தது. அதே சிப்தான், உள்ளே புரோகிராம் நினைவகம் மட்டும் கிடையாது. பக்கத்தில் ஈப்ரொம் என்ற நினைவகச் சிப் ஒன்றை வைத்து, அதில் புரோகிராமை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கிருந்து படிப்பது என்று தீர்மானிப்பது 31ஆவது கால். ஈஏ என்று பெயர். அதைத் தரையோடு கட்டினால், சிப் முதல் கட்டளையிலிருந்தே வெளியே போய்ப் படிக்கும். 5 வோல்ட்டோடு கட்டினால், 0 முதல் 4095 வரையுள்ள முகவரிகளை உள்ளே படித்துவிட்டு, 4096 வந்ததும் தானாக வெளியே போகும். புரோகிராம் எழுதுகிறவர் அந்த எல்லைக்காக ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. 8031இல் உள்ளே ஒன்றும் இல்லாததால் அதன் ஈஏ எப்போதும் தரையில். நானா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான். எந்த போர்ட் மேசைக்கு வந்தாலும் முதலில் 31ஆவது கால் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னார். அதைப் பார்த்தால் அந்த போர்ட்டின் புரோகிராம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது பாடத்துக்கு ரயிலைத் துணைக்கு எடுத்தார். 64 கிலோபைட் வரை முகவரி சொல்ல 16 கம்பி வேண்டும். படித்ததைக் கொண்டுவர இன்னும் 8 கம்பி. நாற்பது காலில் 24ஐ இதற்கே கொடுத்தால் மற்ற வேலைகளுக்கு மிச்சம் பத்தாது. அதனால் 32 முதல் 39 வரையுள்ள எட்டுக் காலும் இரண்டு வேலை பார்க்கின்றன. முதலில் முகவரியின் கீழ்ப் பாதி அந்த வழியாக வெளியே போகும், பிறகு அதே வழியாகக் கட்டளை உள்ளே வரும். "நாவலப்பிட்டிக்கு மேல ஒத்தத் தண்டவாளம்தானே தம்பி. ஸ்டேசன் மாஸ்டர்ட கையால டேப்லட் கிடைக்காம ட்ரைவர் வண்டிய எடுப்பாரா?" என்று கேட்டார். ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் அந்த டேப்லட் வளையத்தை வண்டி ஓடும்போதே கை மாற்றுவதை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த எட்டுக் கால் சங்கதி அன்றைக்கே பிடிபட்டது.

இங்கே டேப்லட்டின் வேலையைச் செய்வது இரண்டு சைகைகள். 30ஆவது காலில் ஏஎல்ஈ. அது மேலே எழும்பி இறங்கும் கணத்தில், 74எல்எஸ்373 என்ற இருபது கால் சிப் எட்டுக் கம்பியிலும் இருக்கிற முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடனே மைக்ரோகொன்ட்ரோலர் அந்தக் கம்பிகளை விட்டுவிடும். அடுத்தது 29ஆவது காலில் பிசென். அது கீழே இறங்கினால் ஈப்ரொம் வாயைத் திறக்கலாம் என்று பொருள். ஈப்ரொம் தன்னிடம் உள்ள பைட்டைக் கம்பிகளில் வைக்கும். பிசென் மறுபடி மேலே போகும்போது மைக்ரோகொன்ட்ரோலர் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். சிப்புக்குத் துடிப்புக் கொடுக்கிற பளிங்கு 12 மெகாஹேர்ட்ஸ் என்றால், ஒரு மைக்ரோ நொடிக்குள் இது இரண்டு தடவை நடந்து முடிந்துவிடும்.

ஏஎல்ஈ பளிங்கின் வேகத்தில் ஆறில் ஒரு பங்காகத் துடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் கடையில் போட்டது 11.0592 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு. விசித்திரமான எண்ணாகத் தெரியும். அதை 12ஆலும் 32ஆலும் வகுத்தால் 28,800 வரும், அதில் மூன்றில் ஒரு பங்கு 9600. கணினியோடு தொடர் கம்பியில் பேசுகிற வேகம் பிசகில்லாமல் கிடைப்பதற்காகவே அந்தப் பளிங்கு. அந்த போர்ட்களில் ஏஎல்ஈ 1.8432 மெகாஹேர்ட்ஸில் துடிக்கும். பிசென் அப்படியில்லை. சிப் உள்ளே படித்துக்கொண்டிருக்கும்போது பிசென் அசையாமல் நிற்கும், வெளியே போனால்தான் துடிக்கும். ஏஎல்ஈ இருந்தால் சிப்புக்கு உயிர் இருக்கிறது, பிசென் இருந்தால் சிப் வெளியே தேடுகிறது. இந்த இரண்டையும் பழைய ஒஸிலோஸ்கோப்பில் பார்த்தே பாதிக் கோளாறுகளைச் சொல்லிவிடுவார் நானா.

ஈப்ரொம் என்பதே ஓர் அழகான பொருள். இன்டெலில் டோவ் ஃப்ரோமன் 1971இல் கொண்டுவந்தது. முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குள்ளே சிலிக்கன் மினுங்குவது தெரியும். எழுதியதை அழிக்க அந்த ஜன்னலில் புற ஊதா வெளிச்சம் விழ வேண்டும். கிருமி கொல்கிற குழல்விளக்கு ஒன்றைப் பலகைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தோம். ஜன்னலுக்கு ஓர் அங்குலம் மேலே விளக்கு, பதினைந்து இருபது நிமிஷம். வெயிலில் வைத்தால் ஏறத்தாழ ஒரு கிழமை ஆகும் என்று தகவல் புத்தகத்தில் எழுதியிருக்கும். கண்டி மழையில் ஒரு கிழமை வெயிலுக்கு எங்கே போவது? அழிந்த ஈப்ரொம்மில் எல்லாப் பிட்டும் 1 ஆகிவிடும், அதாவது எந்த முகவரியைப் படித்தாலும் 255. எழுதி முடித்ததும் ஜன்னலை மூட கறுப்பு டேப் ஒட்டுவோம்.

வெறும் ஈப்ரொம்கூட எங்களுக்குக் கருவிதான். 8051க்கு 255 என்பது ஒரு கட்டளை. ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை நகர்த்தச் சொல்கிற ஒற்றை பைட் கட்டளை. ஈஏயைத் தரையில் கட்டி, அழித்த ஈப்ரொம்மைச் சொருகி மின்சாரம் கொடுத்தால், சிப் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு 0 முதல் 65,535 வரை போய், மறுபடி 0க்கு வரும். பதினாறு முகவரிக் கம்பியும் வரிசையாக எண்ணும். ஆக மேலே உள்ள கம்பி நொடிக்குப் பதினான்கு தடவை மாறி மாறி வரும். அதில் ஒரு சின்ன எல்ஈடியைத் தொட்டால் படபடவென்று மின்னுவது கண்ணுக்கே தெரியும். அடுத்த கம்பி அதைப்போல் இரண்டு மடங்கு வேகம், அதற்கடுத்தது நான்கு மடங்கு. எந்தக் கம்பியில் இந்த ஒழுங்கு குலைகிறதோ அங்கேதான் கோளாறு. புரோகிராமே எழுதாமல் போர்ட் முழுவதையும் சோதிக்கிற இந்த முறையை இன்றைக்கும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேகம் பத்தாத ஈப்ரொம்களும் வரும். 12 மெகாஹேர்ட்ஸில் முகவரி வெளியே வந்ததிலிருந்து சுமார் 300 நானோ நொடிக்குள் கட்டளை வந்து சேர வேண்டும். பழைய போர்ட்களிலிருந்து கழற்றிய சிப்களில் 45 என்று குறித்திருக்கும், 450 நானோ நொடி. அதைப் போட்டால் சிப் வாய் திறப்பதற்கு முன்பே மைக்ரோகொன்ட்ரோலர் படித்து முடித்திருக்கும். பளிங்கை 6 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் ஓடும்.

போர் நடந்த அந்த வருஷங்களில் போர்ட்டையும் வயரையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பது தமிழ்ப் பையனுக்கு லேசான காரியமில்லை. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. கண்டியில் நடக்கவிருந்த ஐம்பதாவது சுதந்திர தின விழாவைக் கொழும்புக்கு மாற்றினார்கள். மாளிகைக்கு முன்னால் போகும் வீதியை வாகனங்களுக்கு மூடினார்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் உள்ளே மின்கலம், வயர், கண்ணாடி ஜன்னல் வைத்த சிப். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம். நானா சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். அது இல்லாமல் நான் வாசற்படி இறங்கியதில்லை. கடிதத்தை வாசித்துவிட்டு, இது என்ன வேலை செய்யும் என்று அக்கறையோடு கேட்டுத் தெரிந்துகொண்ட சிப்பாய்களும் இருந்தார்கள். மணிக்கணக்கில் ஓரமாக நிற்க வைத்தவர்களும் இருந்தார்கள். நிற்க வைத்த நாட்களில் எனக்கு வந்த பயம் இன்னும் எழுத்தில் வராது.

1999 எசல பெரஹராவுக்கு முந்தின கிழமை, கொழும்பு வீதியில் ஒரு துணிக்கடையிலிருந்து ஆள் வந்தது. கடை வாசலில் எழுத்து ஓடுகிற எல்ஈடி பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரவேற்பு ஓட வேண்டும். ஆங்கிலம் சரியாக ஓடுகிறது, மற்ற இரண்டும் வந்தால் ஏதோ புள்ளிக் கோலம் ஓடுகிறது. பெரஹராக் கூட்டம் வருவதற்குள் சரியாக வேண்டும் என்றார்கள்.

போய்ப் பார்த்தோம். உள்ளே இருந்தது ஏடீ89சி51. அட்மெல் கம்பனியின் சிப், உள்ளே 4 கிலோபைட் ஃப்ளாஷ். ஜன்னல் வேண்டாம், புற ஊதா வேண்டாம், மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். 31ஆவது கால் 5 வோல்ட்டில். பக்கத்தில் 27சி256, 32 கிலோபைட் ஈப்ரொம், சொக்கட்டில் சொருகியிருந்தது. ஆக, பலகையை ஓட்டுகிற புரோகிராமும் ஆங்கில எழுத்தும் உள்ளே, சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் வெளியே. எழுத்து வடிவங்கள் கட்டளைகள் இல்லை. ஆனால் புரோகிராம் நினைவகத்தில் அட்டவணையாகக் கிடக்கும். மூவ்-சி என்ற கட்டளையால் அவற்றை எடுக்கலாம். அதற்கும் 4096 என்ற அதே எல்லைதான், அதற்கு மேலே போனால் அதே பிசென்தான்.

பலகையில் ஓடிய புள்ளிக் கோலம் எனக்குக் குப்பையாகத்தான் தெரிந்தது. நானா கடை வாசலில் நின்று கழுத்தை அண்ணாந்து, தமிழ் வரி வரும்வரை காத்திருந்தார். வந்ததும் கையால் மறித்துக் காட்டினார்.

"நல்லாப் பாருங்க தம்பி. இது குப்பையில்ல. இது எண்ணிட்டு ஈக்கி."

அப்போதுதான் கண் திறந்தது. பலகை பதினாறு வரிசை உயரம். மேல் பாதிக்கு ஒரு பைட், கீழ்ப் பாதிக்கு ஒரு பைட். ஒவ்வொரு பாதியிலும் ஆகக் கீழ் வரிசையில் புள்ளிகள் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தன. அதற்கு மேல் வரிசையில் இரண்டு எரிந்து இரண்டு அணைந்தன. அதற்கும் மேலே நான்கு நான்காக, பிறகு எட்டு எட்டாக. பிசகில்லாத இரும எண் வரிசை. ஈப்ரொம் பதில் சொல்லவில்லை. எட்டுக் கம்பியிலும் கடைசியாக இருந்தது மைக்ரோகொன்ட்ரோலர் தானே வெளியே விட்ட முகவரியின் கீழ்ப் பாதி. அந்தக் கம்பிகளை யாரும் மாற்றாததால் அந்த மின்னேற்றம் சில நூறு நானோ நொடி அப்படியே நின்றது. தான் கேட்ட முகவரியையே பதிலென்று எடுத்துக்கொண்டு, சிப் அதை வாசலில் ஓடவிட்டுக்கொண்டிருந்தது. தமிழும் சிங்களமும் இருக்க வேண்டிய இடத்தில் முகவரிகள் ஓடின.

மீதி வேலை சுருக்கம். பலகையைக் கழற்றி, ஓட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து ஒஸிலோஸ்கோப்பை வைத்தோம். 29ஆவது காலில் பிசென் இருந்தது. சிங்கள வரியும் தமிழ் வரியும் வரும்போது மட்டும் கொத்தாகத் துடித்தது. ஈப்ரொம்மின் 22ஆவது காலில் தொட்டால் ஒன்றும் இல்லை. நடுவில் இருப்பது அச்சுத் தடமும் சொக்கட்டும்தான். சொக்கட்டின் தட்டைத் தகடு அந்த ஒரு காலில் கறுத்துப் போயிருந்தது. குளக்கரை ஊரின் ஈரம் செய்த வேலை. உருண்டைத் துளை வைத்த நல்ல சொக்கட் ஒன்றைப் பற்றவைத்து மாட்டினோம். அன்றைக்கு மாலையே மூன்று மொழியும் ஓடியது.

அந்தப் பலகையில் ஓடிய தமிழ் எழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. 'ழ'வின் கீழ்ச் சுழி ஒட்டிக்கொண்டிருந்தது, 'ணூ' வெறும் திட்டு. அடுத்து வந்த பலகைகளுக்குத் தமிழை நானே வரைகிறேன் என்று நானாவிடம் கேட்டேன். கட்டம் போட்ட கொப்பி வாங்கித் தந்தார்.

கணக்குப் போட்டேன். உயிரும் ஆய்தமும் 13. அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று பதினெட்டு மெய்க்கும் ஆறு வடிவம், 108. அரவு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று தனித்தனியாக நான்கு குறி. கிரந்தம் சேர்க்காமலே 125 வடிவம். பதினாறுக்குப் பதினாறு கட்டம் என்றால் ஒன்றுக்கு 32 பைட். மொத்தம் 4000 பைட். சிப்பின் உள்ளே இருப்பது 4096. தமிழை உள்ளே வைத்தால் பலகையை ஓட்டுகிற புரோகிராமுக்கு மிஞ்சுவது 96 பைட்.

இந்தக் கணக்கை நான் மறக்கமாட்டேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் பலகை விற்கிறவர்களிடம் தமிழ் எங்கே என்று கேட்டால், "மெமரியில இடமில்ல" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. ஆனால் கடை வாசலில் ஓடுகிற பலகையில் இடமில்லை. இடம் இருந்தது. ஒரு 27சி256, ஒரு 74எல்எஸ்373, பிசெனுக்கு ஒரு கம்பி. இந்தச் செலவைச் செய்ய மனமிருந்தால் 32 கிலோபைட். மூன்று மொழியும் உட்கார்ந்து, 'ஸ்ரீ'யும் கிரந்தமும் சேர்ந்து, அகலமான எழுத்துக்கு இருபத்து நான்கு கட்டம் கொடுத்தாலும் மிஞ்சும். அதற்குப் பிறகு எங்கள் கடையிலிருந்து போன ஒவ்வொரு பலகையிலும் வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தமிழ் எழுத்து முழுவதையும் எழுதித்தான் அனுப்பினோம். நானாவின் கட்டளை அது. அவருடைய தாய்மொழியும் அதுதானே.

எழுத்தைத் திருத்தத் திருத்த ஈப்ரொம்மை அழித்து எழுதி அலுத்துப்போனது. ஒரு சுழியை மாற்ற இருபது நிமிஷம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதற்கும் 8051இலேயே வழி இருந்தது. இந்தச் சிப்பில் புரோகிராமும் தரவும் தனித்தனி உலகம். இரண்டுக்கும் முகவரிக் கம்பிகள் ஒன்றுதான், வாசல் வேறு. புரோகிராமைப் படிக்க பிசென், தரவைப் படிக்க 17ஆவது காலில் வேறொரு சைகை. இரண்டையும் ஓர் ஆண்ட் கேட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டை 62256 ராமின் படிக்கும் காலில் கட்டினால், தரவாக எழுதியதையே புரோகிராமாகவும் படிக்கலாம். கணினியிலிருந்து தொடர் கம்பியில் எழுத்து அட்டவணையை அனுப்பினால் சில நொடியில் பலகையில் ஓடும். சரியாக வந்த பிறகுதான் ஈப்ரொம். 'ழ'வை நான் ஒழுங்காகச் சுழித்தது அந்த ராமில்தான்.

பிறகு உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் வளர்ந்தது. 8 கிலோபைட், 16, 64 என்று போய், வெளியே ஈப்ரொம் வைக்க வேண்டிய தேவையே போனது. 31ஆவது காலை 5 வோல்ட்டில் கட்டிவிட்டு 29ஐயும் 30ஐயும் சும்மா விட்ட போர்ட்களே வந்தன. வேலை லேசானது, செலவு குறைந்தது. இழந்ததும் உண்டு. புரோகிராம் வெளியே இருந்தபோது அதைப் படிப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எந்த முகவரியில் நின்றது, எந்த பைட்டை எடுத்தது, எந்தக் காலில் சைகை அறுந்தது என்று கையால் தொட்டுக் கண்டுபிடிக்கலாம். உள்ளே போன பிறகு ஓடுகிறது அல்லது ஓடவில்லை, அவ்வளவுதான். தொழில் பழகுகிற பிள்ளைக்கு முன்னதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது கட்டுகலையில் எனக்கென்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. பேராதனைப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் சிலர் செயற்திட்டத்துக்காக வருவார்கள். போன வருஷம் ஒரு மகள் ராஸ்பெரி பை பிக்கோவோடு வந்தாள். பெரிய புரோகிராம், சில நேரம் தடுமாறுகிறது என்றாள். புரோகிராம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "சிப்புக்குள்ளதான் சேர்" என்றாள்.

போர்ட்டைத் திருப்பி விளக்கின் கீழ் பிடித்தேன். 2021இல் வந்த ஆர்பி2040 சிப்பின் உள்ளே ஃப்ளாஷ் இல்லை. பக்கத்தில் அரிசிப் பொரியளவு எட்டுக் கால் சிப் ஒன்று ஒட்டியிருக்கும். அதில்தான் 2 மெகாபைட் புரோகிராம். தேர்வுக்கு ஒரு கம்பி, கடிகாரத்துக்கு ஒன்று, தரவுக்கு நான்கு. முகவரி போவதும் கட்டளை வருவதும் அதே நான்கு கம்பியில் மாறி மாறி. ஒவ்வொரு தடவையும் வெளியே போனால் நேரமாகும் என்று உள்ளே 16 கிலோபைட் இடைநினைவகம் வைத்திருக்கிறார்கள். கேட்ட கட்டளை அதில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் சிப் வெளியே போய்க் காத்திருக்கும். ஈஎஸ்பி32 மொடியூலின் தகர மூடிக்குள்ளேயும் இதே ஏற்பாடுதான். அவள் புரோகிராம் தடுமாறியது, அந்த 16 கிலோபைட்டுக்குள் அடங்காத ஒரு பெரிய அட்டவணையைத் துண்டு துண்டாகப் படிக்கும் இடத்தில்.

ஒஸிலோஸ்கோப் கம்பியை அவள் கையில் கொடுத்து, எட்டுக் கால் சிப்பின் தேர்வுக் காலில் வைக்கச் சொன்னேன். புரோகிராம் சின்னச் சுற்றில் ஓடும்போது கோடு அசையாமல் நின்றது. அட்டவணைக்குள் போனதும் கொத்தாகத் துடித்தது. அவள் கம்பியை எடுக்காமல், அட்டவணையில் அடிக்கடி வேண்டிய பகுதியை ராமுக்கு மாற்றினால் துடிப்பு குறையுமா என்று கேட்டாள். மாற்றிப் பார்க்கச் சொன்னேன். மடிகணினியைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.